இரண்டு கவரிலும் பாப்பா

அத்தியாயம் பதினொன்று

வீட்டில் இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் ஒரே செல்லப்பெயர். பெரியவளுக்குப் பதினேழு வயது, அவளும் பாப்பா. சின்னவளுக்கு ஒன்பது, அவளும் பாப்பா. கூப்பிடும்போது குழப்பமே வராது. பெரியவளைக் கூப்பிட்டால் அம்மாவின் குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கும். சின்னவளைக் கூப்பிட்டால் கொஞ்சம் ஏறும். காதில் ஹெட்போன் இருந்தாலும் வர வேண்டியவள்தான் வருவாள். விருந்தாளிகளுக்குத்தான் தலை சுற்றும்.

குரலைக் காகிதத்தில் எழுத முடியாது என்பது அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை பகல் பதினொன்றே காலுக்குத்தான் உறைத்தது.

போன வாரம் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறாதவர்களுக்காக நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வரி பத்து வரியாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் வருஷத்தில் ஒரு வாரம் காலியாகிவிடும். குட்டி வகுப்புகள் பள்ளி மண்டபத்திலேயே ஒரு ராத்திரி தங்கும். நாலாம் வகுப்பு ஏரிக்கரையில் கூடாரம் போட்டு மூன்று ராத்திரி. கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்கு மலைமேல் ஒரு தங்கும் விடுதி, ஐந்து நாள், பாதி நேரம் மௌனம். போன் யாருக்கும் கிடையாது. இந்த வீட்டில் ஒருத்தி ஏரிக்கும் ஒருத்தி மலைக்குமாக, செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

எல்லா முகாமிலும் மூன்றாம் நாள் ‘கடித நேரம்’ என்று ஒன்று உண்டு. அம்மாவோ அப்பாவோ முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கடிதத்தை அன்றைக்குப் பிள்ளையின் கையில் தருவார்கள். கவரின் மேல் வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் உங்கள் கைப்பட எழுதுங்கள், அதுதான் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் என்று சுற்றறிக்கையில் இருந்தது. பள்ளிக்கூடம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். வம்பெல்லாம் நல்ல எண்ணத்தில்தானே ஆரம்பிக்கிறது.

சின்னவளுக்கு அம்மா இரண்டு பக்கம் எழுதினாள். நாய்க்குட்டி ஸ்டிக்கர் ஐந்து ஒட்டினாள். வீட்டு மீன்தொட்டியைக் கலர் பென்சிலில் வரைந்து அதையும் மடித்து உள்ளே வைத்தாள். கவர் தலையணை மாதிரி உப்பிவிட்டது.

பெரியவளுக்கு எழுதியது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்குத்தான் மூன்று ராத்திரி பிடித்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியது. அதில் இருந்தது இதுதான்:

“பாப்பா, நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் உன்னைப் பெறவில்லை. உன்னைப் பெற்றவள் என் அக்கா. உனக்குப் பத்து மாதம் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். முறைப்படி நான் உனக்குச் சித்தி. எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. நீ வந்ததும் எது கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறேன். கோபம் வந்தால் கோபப்படு. சாப்பிடாமல் மட்டும் இருக்காதே. அம்மா.”

இப்போது என்ன அவசரம் என்று கேட்பீர்கள். கடைசி வருஷப் பரீட்சை விண்ணப்பத்தோடு அசல் பிறப்புச் சான்றிதழை இணைக்க வேண்டும். பெரியவள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அதில் தாயார் பெயர், தகப்பனார் பெயர் என்ற இரண்டு இடத்திலும் வேறு பெயர் இருக்கிறது. ஒரு அரசாங்கக் காகிதம் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். பெற்ற தகப்பனோ மனைவி போன ஆறாம் மாதமே வேறு குடும்பம் தேடிக்கொண்டவன். அவனைப் பற்றிப் பேச இங்கே இடமில்லை.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

அம்மா வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்து மாட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு லென்ஸ் வரும், ஒன்றில் ‘வ’, ஒன்றில் ‘இ’. வலதை இடதில் மாட்டாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றி மாட்டியதில்லை.

பதினொன்றே காலுக்கு மலைமுகாமின் பெற்றோர் குழுவில் படங்கள் வந்து விழுந்தன. நாற்பது படம் இருக்கும். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறார்கள். ஒருத்தன் கண்ணைத் துடைக்கிறான். ஒருத்தி தோழியின் தோளில் சாய்ந்திருக்கிறாள்.

பெரியவளைத் தேடி அம்மா ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். பத்தொன்பதாவது படத்தில் இருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். மகளின் கையில் இருந்த தாளில் ஐந்து நாய்க்குட்டிகள் தெரிந்தன.

முதலில் நிம்மதியாக ஒரு மூச்சு வந்தது. நல்லவேளை, பெரியவள் அதைப் படிக்கவில்லை, அழவில்லை. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்திருக்கும், நாலு விநாடி. பிறகு, இவள் கையில் அது இருந்தால் அது எங்கே இருக்கிறது என்ற கணக்கு தானாக வந்து நின்றது. அம்மா தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவரைக் கூப்பிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும்.

“என்னங்க, அந்தக் கவர் ரெண்டையும் ஸ்கூல்ல எப்படிக் கொடுத்தீங்க?”

“கையாலதான் கொடுத்தேன். ஏன்?” அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பன்னிரண்டாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்திருந்தார்.

“விளையாடாதீங்க. எது யாருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“ரெண்டுலயும் பாப்பான்னுதானே எழுதியிருந்த. ஆபீஸ் அம்மா எது எந்த வகுப்புக்குன்னு கேட்டாங்க. ஒண்ணு கனமா இருந்துச்சு, ஒண்ணு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. பெரியவளுக்குத்தானே நீ நிறைய எழுதியிருப்பேன்னு கனமானதை அவளுக்குக் கொடுத்தேன். மாறிப்போச்சா?”

“மாறிப்போச்சு.”

“அட, விடு. ரெண்டு பேரும் வந்து சிரிப்பாங்க.”

“பெரியவ லெட்டர்ல நான் அதை எழுதிட்டேங்க.”

எதை என்று அவர் கேட்கவில்லை. இந்த வீட்டில் ‘அது’ என்றால் ஒன்றுதான்.

“நேர்ல சேர்ந்து சொல்லலாம்னுதானே பேசினோம்?”

“பேசினோம். ஆறு வருஷமா பேசிக்கிட்டேதான் இருக்கோம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? தெரிஞ்சிருந்தா பிரிச்சுப் பார்த்தாவது கொடுத்திருப்பேன்.”

சொன்னால் தடுப்பார் என்றுதான் சொல்லவில்லை. அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

“உள்ள பெரியவன்னு தெரியற மாதிரி ஏதாவது எழுதியிருக்கியா? வயசு, வகுப்பு, ஏதாவது?”

“இல்லங்க. பாப்பான்னுதான் ஆரம்பிச்சிருக்கேன்.”

“அப்போ சின்னது அதைப் படிச்சா...” அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. போன வருஷம் வாசிப்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் அவள். இவர்கள்தான் முன் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கக் கை தட்டினார்கள்.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஏரிமுகாம் அட்டவணை அம்மாவுக்கு மனப்பாடம். வியாழன், மாலை நாலு மணி, கடித நேரம். இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருந்தது.

“நான் வேனை எடுத்துட்டு வந்துடறேன், சேர்ந்து போயிடலாம்” என்றார் அவர். பிறகு அவரே, “இப்ப முடியாதே. உள்ள ஒரு அம்மா மாட்டியிருக்காங்க. கூடவே ஒரு வாஷிங் மெஷின். அதுதான் கதவை அடைச்சுக்கிட்டு நிக்குது” என்றார்.

“நீங்க அவங்களைப் பாருங்க. நான் பஸ்ல போறேன்.”

போவதற்கு முன் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே போனை எடுத்த அம்மாளுக்கு இனிமையான குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு எதையும் முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்.

“முகாமுக்குத் தகவல் சொல்லணும்னா எங்ககிட்ட ஒரு படிவம் இருக்கு மேடம். காரணம் போடணும். மரணமா, மருத்துவமா?”

“ரெண்டும் இல்லைங்க. கடிதம் மாறிடுச்சு. நாலாம் வகுப்புல இருக்கற என் பொண்ணு கையில அந்தக் கவரைக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“அம்மா எழுதின கடிதம்தானே மேடம்? எந்தப் பொண்ணு படிச்சா என்ன, பாசம் ஒண்ணுதானே.”

“தயவுசெஞ்சு சொல்லுங்க. அதை அவ படிக்கக் கூடாது.”

“புரியுது. ஆனா ஏரிக்கரையில சிக்னல் இல்லையே. பி.டி. மாஸ்டர் சாயந்திரம் ஆறு மணிக்கு ரோட்டுக்கு வருவாரு, போட்டோ அனுப்ப. அப்ப கண்டிப்பா சொல்லிடறேன்.”

ஆறு மணிக்கு. அம்மா நன்றி சொல்லிப் போனை வைத்தாள். வேறு என்ன சொல்ல முடியும். திட்டலாம் என்றால் அந்த அம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை. யார் மேலும் தப்பில்லை என்பதுதான் கொடுமை. யாரையாவது நாலு வார்த்தை கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

பின்னறையிலிருந்து கைப்பையோடு வந்தவளைக் கடை முதலாளி ஏறிட்டுப் பார்த்தார்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“யாருக்கும் இல்ல சார். போகணும்.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மனுஷர் நல்லவர்.

பன்னிரண்டேகால் பஸ் பன்னிரண்டரைக்குக் கிளம்பியது. ஆள் சேரட்டும் என்று டிரைவர் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் வழியாக அவர் கையிலிருந்த கப்பையே பார்த்தாள். அது காலியானபிறகும் அவர் ஒருவரிடம் கிரிக்கெட் பேசினார். இறங்கிப் போய், ஐயா, என் மகள் நாலு மணிக்கு ஒரு கடிதம் படிக்கப் போகிறாள் என்று சொல்ல முடியுமா. சொன்னால் நல்ல விஷயம்தானேம்மா என்பார்.

லிஃப்ட்காரர் அந்த அம்மாளை வெளியே எடுக்கும்போது மணி ஒன்றே முக்கால். வாஷிங் மெஷின் உள்ளேயே நின்றது. அந்த அம்மாள் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மெஷினை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

இனி வேனில் பறந்தாலும் ஏரிக்கு நாலு மணிக்குள் போக முடியாது. சும்மா இருக்கவும் முடியவில்லை. மலை விடுதியின் எண் அவரிடம் இருந்தது. கூப்பிட்டார். பிள்ளைகள் இரண்டு மணி வரை மௌனம் என்றார்கள். இரண்டு மணி வரை மொட்டை மாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு அடித்ததும் மறுபடி கூப்பிட்டார். அப்பா பேச வேண்டும், இரண்டே நிமிஷம் என்று கெஞ்சியதற்குப் பிறகு பெரியவளைக் கூட்டி வந்தார்கள்.

“அப்பா? என்னப்பா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான். சாப்பிட்டியா?”

“இதுக்கா போன் பண்ணீங்க? இங்க எல்லாரும் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சு என்னைப் பாவமா பார்க்கறாங்க.” பிறகு சிரித்தாள். “அப்பா, ஒரு கூத்து தெரியுமா? சின்னதோட லெட்டர் எனக்கு வந்திருக்கு. எல்லார் லெட்டரும் என்னென்னவோ. ஒருத்தியோட அப்பா மன்னிப்புக் கேட்டே எழுதியிருக்காரு. எனக்கு, காதுக்குள்ள தண்ணி போனா தலையைச் சாய்ச்சுக் குதி, ராத்திரி பயமா இருந்தா டீச்சரை எழுப்பு. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சிடுச்சு.”

“ஆமாமா” என்றார் அப்பா.

“அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்துச்சு. எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது அம்மா இதே மாதிரிதான் சொல்வா, காதுல தண்ணி போனா குதின்னு. மறந்தே போயிருந்தேன்.”

லிஃப்ட்காரர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனில், இரண்டு நிமிஷத்தில், பக்கத்தில் வார்டன் நிற்க. எப்படிச் சொல்வது.

“என் லெட்டர் சின்னதுகிட்ட இருக்கும். நாளைக்கு அவ வந்ததும் பத்திரமா வாங்கி வைங்கப்பா. யாரும் படிக்கக் கூடாது, நீங்களும்தான். எனக்கு அம்மா என்ன எழுதியிருப்பான்னு காலையில இருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

“அதுல ஒண்ணும் விசேஷமா இல்லம்மா” என்றார் அப்பா.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

“நீங்க படிச்சீங்களா?”

“இல்ல, நான் படிக்கல.”

“அப்புறம் ஒண்ணும் இல்லன்னு எப்படித் தெரியும்?”

அவர் எழுந்து போனை மறு காதுக்கு மாற்றினார்.

“அப்பா, ஏன் மூச்சு வாங்குது உங்களுக்கு?”

“படி ஏறினேன்மா.”

“லிஃப்ட்காரர் படி ஏறினாராம்” என்றாள் பெரியவள். குரலில் சிரிப்பு இல்லை. “சனிக்கிழமை வந்து பேசிக்கறேன்” என்று அவளே போனை வைத்தாள்.

நடந்ததைச் சொல்ல அவர் மனைவியைக் கூப்பிட்டபோது பஸ் மேட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. “பெரியவ கேட்கறா... லெட்டரை பத்திரமா... நான் வாய் தவறி...” என்பதோடு சிக்னல் போய்விட்டது. அம்மா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் போனாள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது மணி மூன்றேகால். அங்கிருந்து ஏரி வரை மண் பாதை, நடக்க முக்கால் மணி என்று டீக்கடைக்காரர் சொன்னார். அம்மா நடக்கவில்லை, ஓடினாள். செருப்பு வாரில் ஒன்று அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயதில் கடைசியாக எப்போது ஓடினோம் என்று நினைவே வரவில்லை.

மூங்கில் தட்டி வைத்த நுழைவாயிலுக்கு வரும்போது மூன்று நாற்பது. இருபது நிமிஷம் இருந்தது. கூடாரங்கள் வரிசையாக நின்றன, கயிற்றில் ஈரத் துண்டுகள் காய்ந்தன. பிள்ளைகள் கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யார் கையிலும் காகிதம் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூச்சு இரைக்க, கையில் செருப்போடு, நின்ற இடத்திலேயே சிரித்தாள்.

பி.டி. மாஸ்டர் விசிலைச் சட்டைப்பையில் போட்டபடி ஓடி வந்தார்.

“என்ன மேடம், என்ன விஷயம்? வீட்ல யாருக்காவது...”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல சார். கடிதம். நாலு மணிக்குக் கொடுக்கப்போற கடிதம். என் பொண்ணோடதை மட்டும் என்கிட்ட கொடுத்துடுங்க. மாறிப்போச்சு.”

மாஸ்டர் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. அவருக்கு என்ன தெரியும்.

“அதுவா? காலையிலயே கொடுத்துட்டோமே மேடம். மதியத்துக்கு மேல மழைன்னு சொன்னாங்க. பேப்பர் எல்லாம் நனைஞ்சுடும்னு, டிஃபன் முடிஞ்சதும் ஒன்பது மணிக்கே கடித நேரத்தை வெச்சுட்டோம்.”

அம்மா வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஒன்பது மணி. அப்போது அவள் கடையின் ஷட்டர்கூடத் திறந்திருக்கவில்லை. படம் வருவதற்கு, போன் செய்வதற்கு, கெஞ்சுவதற்கு, பஸ் ஏறுவதற்கு எல்லாம் முன்பே அது முடிந்துவிட்டது. இந்த நாள் முழுக்க அவள் ஓடியது முடிந்துபோன ஒன்றைத் தடுக்க.

“உங்க பொண்ணு ரொம்பத் தைரியசாலி மேடம்” என்றார் மாஸ்டர். “அம்மா லெட்டரைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைங்க ஓன்னு அழுதாங்க. இவ ஒரு சொட்டு அழல. ரெண்டு தடவை படிச்சா, மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா. அப்புறம் நாள் பூரா எனக்கு உதவிதான். தட்டு கழுவினா, கூடாரம் பெருக்கினா. சொல்லாமலேயே எல்லாம் செய்யறா.”

தன் தட்டை மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னால்கூட மூன்று தரம் சொல்ல வேண்டிய பெண் அது.

கூப்பிட்டனுப்பினார்கள். சின்னவள் கரையிலிருந்து வந்தாள். ஓடி வரவில்லை. இரண்டு நாள் வெயிலில் கறுத்திருந்தாள். நாலடி தள்ளி நின்றுவிட்டாள்.

“நீங்க ஏன் வந்தீங்க? நாளைக்குத்தானே நாங்க வருவோம்?”

நீங்க. இரண்டு பெண்களும் அப்பாவை நீங்க என்பார்கள், அம்மாவை நீ என்பார்கள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். கோபத்தில் நீ, கொஞ்சலில் நீ, காய்ச்சலில் நீ. இந்தப் பிள்ளை யாரோ ஒரு பெரியவரிடம் பேசுவதுபோல மரியாதையாக நின்றது.

“பாப்பா, இங்க வாடா.”

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சின்னவள் ஒரு அடி வைத்தாள்.

“நான் சாப்பிட்டேன்” என்றாள். “சாப்பிடாம இருக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்கல்ல? பிரெட், முட்டை, எல்லாம் சாப்பிட்டேன். மீதி வைக்கல.”

“பாப்பா...”

“உங்களை இனிமே சித்தின்னு கூப்பிடணுமா? இல்ல வீட்ல மட்டும் அம்மான்னே கூப்பிடலாமா?”

அம்மா மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். எட்டிக் கையைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளை வந்தது, விறைப்பாகத்தான் வந்தது. மாஸ்டர் எதையோ புரிந்துகொண்டவர்போல விலகிப் போனார்.

“உங்க அக்கா எப்படி இருப்பாங்க?” என்று மடியிலிருந்து கேட்டாள். “போட்டோ இருக்கா? என்னை மாதிரியா இருப்பாங்க?”

இந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. பீரோவின் மேல்தட்டில் படத்தைக்கூட எடுத்து வைத்திருந்தாள். கேட்க வேண்டியவள் மட்டும் இவள் இல்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?” சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ப்ளீஸ். நான் உங்க பொண்ணு இல்லன்னு தெரிஞ்சா அப்புறம் அவ எனக்கு அக்காவா இருக்க மாட்டா. சண்டை போட்டா, நீ ஒண்ணும் என் தங்கச்சி இல்ல போடின்னு சொல்லிடுவா. நான் எல்லா வேலையும் செய்யறேன். அவ ரூமைக்கூட நானே பெருக்கறேன்.”

சித்தி பெண்ணானாலும் பெரியம்மா பெண்ணானாலும் அக்கா அக்காதான், முறை மாறாது என்று எந்த வயசானவரும் சொல்லிவிடுவார். ஒன்பது வயசுப் பிள்ளை முறையையா கேட்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தது, இந்தக் குழந்தையை இன்னும் ஒரு நிமிஷம் இப்படி விட்டால் தான் ஒரு மனுஷியே இல்லை.

ஒரு வாக்கியம் போதும். அது நீ இல்லை. அதைச் சொன்னால் இவள் பிழைத்துவிடுவாள். சொன்ன மறுகணம் இவள் என்ன கேட்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும். முதலில் தெரிய வேண்டியவள் மலைமேல் உட்கார்ந்து, அம்மா தனக்கு என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். இவளைக் காப்பாற்ற அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவளைக் காப்பாற்ற இவளை இப்படியே விட வேண்டும். வேறு ஏதாவது பொய் அகப்படுமா என்று மனசு நாலாபக்கமும் ஓடிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை.

“அது நீ இல்லடா” என்றாள் அம்மா. “உன்னை நான்தான் பெத்தேன். இந்த வயித்துலதான். அந்த லெட்டர் உனக்கு எழுதினது இல்ல, கவர் மாறிப்போச்சு. நீ என் பொண்ணு. சத்தியமா.”

சின்னவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். அந்த விறைப்பு தோளிலிருந்து, கழுத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“நீ பொய் சொல்லல இல்ல?”

“இல்லடா.”

“அம்மா, நீ பொய் சொல்லலயே?”

“சத்தியமா இல்ல.”

சின்னவள் இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏரித் தண்ணீர் வாசனையும் வியர்வையுமாக, முழு பாரமும் மேலே விழ. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இதோடு நின்றுவிடட்டும், வேறு எதுவும் கேட்காமல் இருக்கட்டும் என்று உள்ளுக்குள் யாரையோ கும்பிட்டாள்.

“அப்போ யாருக்கு எழுதின?”

அம்மா அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

“மேல பாப்பான்னுதானே இருந்துச்சு. உள்ளயும் பாப்பான்னுதான். நம்ம வீட்ல...”

சின்னவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். கழுத்திலிருந்த கைகள் தளர்ந்தன. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அம்மா அவளை மறுபடி தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

“அக்காவாம்மா?”

காலையிலிருந்து தனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, அப்போதுதான் அழ ஆரம்பித்தது.